துரை தந்த போணி

மலையை வெட்டி ரோட்டுப் போட வேண்டும் என்று ஒரு மனுசனுக்குத் தோன்ற எத்தனையோ காரணம் இருக்கலாம். பதுளைக் கடைத்தெருவில் அரிசியும் துணியும் விற்றுக்கொண்டிருந்த ஹாஷிம் முதலாளிக்கு அது தோன்றியது ஒரு குதிரை தெறித்த சேற்றினால்.

ரயில் இன்னும் பண்டாரவளைக்கு வந்து சேராத காலம். அரிசி மூட்டை ஏற்றிய வண்டியோடு கொழும்பு ரோட்டில் மலையேறி வந்துகொண்டிருந்தார். ஹல்துமுல்லை தாண்டி ஓரிடத்தில் சுங்கக் கேட்டு. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு கம்பம், பக்கத்தில் ஒரு கூடு, கூட்டுக்குள் ஒரு ஆள். வண்டிக்குக் காசு கொடுத்தால் கம்பம் மேலே போகும். அன்றைக்கு நல்ல மழை. அந்த ஆள் வெற்றிலையை மென்றுகொண்டே மாட்டை எண்ணினான், சக்கரத்தை எண்ணினான், இதற்கிடையில் ஒன்று கூடியிருக்குமோ என்கிற மாதிரி மறுபடியும் மாட்டுக்கே வந்தான். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை குதிரையில் வந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பாய்ந்துபோய்க் கம்பத்தைத் தூக்கினான் அவன். குதிரை நடையைக்கூட மாற்றவில்லை. போகிற போக்கில் ஒரு குளம்புச் சேற்றை எடுத்து ஹாஷிம் உடுத்திருந்த வெள்ளைச் சாரத்தில் வைத்துவிட்டுப் போனது.

"துரைக்கிட்ட காசு வாங்கல்லியா?" என்று கேட்டார் ஹாஷிம்.

"துரைக்கிட்டயா?" என்றான் அவன். சொன்ன விதம் போதுமானதாக இருந்தது.

சாரத்தை நூருல் இனாயா துவைத்து வெளுத்துவிட்டாள். புருசனின் மனசை அவளால் அப்படிச் செய்ய ஏலவில்லை. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து ஹாஷிம் சொன்னார்: "ஒரு நாளைக்கு என்ட கேட்டுல ஒரு துரை நிண்டு, காசு தந்துட்டுப் போகணும்."

"உங்களுக்கு எங்க கேட்டு இருக்குது?"

"கட்டுவன்."

"கேட்டு கட்ட ரோட்டு வேணுமே."

"அதையும் கட்டுவன்."

அவள் அத்தோடு விட்டுவிட்டாள். விடாமல் கேட்டிருந்தால், ரோட்டுக்கு மலை வேணுமே என்று கேட்டிருக்கலாம். அது ஒன்று மட்டும் ஊவாப் பகுதியில் தாராளமாகக் கிடந்தது.

வெளியே இந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. வெளியே சொல்வதற்கு நல்ல காரணம் வேறு இருந்தது. நமுனுகுல மலைச்சரிவில் வெள்ளைப்பாறைத் தோட்டத்துக்கு அரிசி கொடுப்பவர் ஹாஷிம்தான். ரோட்டிலிருந்து தோட்டம் வரைக்கும் ஒற்றையடிப் பாதை. அரிசி பொதிமாட்டு முதுகில் ஏறிப் போகும், தேயிலைப் பெட்டி ஆள் தலையில் இறங்கி வரும். மழைக் காலத்தில் மாடு ஒரு பக்கம் உருளும், மூட்டை ஒரு பக்கம் உருளும். அங்கே வண்டி போகிற மாதிரி ஒரு ரோட்டு வெட்டினால் எல்லோருக்கும் லாபம் என்று அரசாங்கக் கச்சேரிக்கு மனுப் போட்டார். மனு ஏறி இறங்கி, கடைசியில் ஒரு உத்தரவாக வந்தது. ரோட்டை ஹாஷிம் தன் சொந்தச் செலவில் வெட்ட வேண்டும். பதினைந்து வருசம் கேட்டுப் போட்டுக் காசு வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு ரோட்டு அரசாங்கத்துக்கு.

உத்தரவு இங்கிலீசில் இருந்தது. ஹாஷிமுக்கு அந்தப் பாஷையில் எழுத்துக் கூட்டத் தெரியாது. பக்கத்துக் கடை வைரவநாதன் செட்டியாரிடம் கணக்கெழுதியவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். வண்டிக்கு இவ்வளவு, பொதிமாட்டுக்கு இவ்வளவு, குதிரைக்குப் பத்துச் சதம்.

"நில்லுங்க. குதிரை மேல இருக்கிற ஆள் ஆரு எண்டு ஏதும் போட்டிருக்கா?"

"இல்லைங்க. குதிரைன்னு மட்டுந்தான்."

"இன்னொருக்கா வாசிங்க."

மூன்று தரம் வாசிக்க வைத்தார். பிறகு அந்த மனிதருக்குச் சட்டைத்துணி கிழித்துக் கொடுத்தார்.

ரோட்டு வெட்டிய கதை தனிக் கதை. கடைத்தெருவில் நாலைந்து பேர் பங்குப் பணம் போட்டார்கள். பற்றாததற்கு நூருல் இனாயாவின் கழுத்திலிருந்தது போனது. தோட்டத்திலிருந்து பொன்னையா கங்காணியும் அவன் ஆட்களும் வந்தார்கள். பாறைக்கு வேட்டு வைத்தார்கள், ஓடைக்குக் கல் பாலம் கட்டினார்கள். ரோட்டு அகலத்தை அளக்கச் சங்கிலி வர வேண்டும் என்று வேலையை மேற்பார்க்க வந்த அரசாங்க ஓவசியர் சொன்னபோது ஹாஷிம் கடையிலிருந்து துணி அளக்கும் கஜக்கோலை எடுத்துக்கொண்டு போனார். அளவெல்லாம் அவர் கையால்தான். துணிக்கடைக்காரர் கை ஒவ்வொரு கஜத்துக்கும் முடிவில் இரண்டு விரற்கடை கூட விட்டுத்தான் பழக்கம். வாங்குகிறவர் மனம் கோணக் கூடாது அல்லவா? அப்படி மலைக்கும் இரண்டு விரற்கடை கூட விட்டுவிட்டு வந்ததில், உத்தரவில் சொன்னதைவிட அகலமான ரோட்டு ஒன்று, உத்தரவில் சொன்னதைவிடக் கூடின செலவில் உருவானது. மலைக்கு அந்த மரியாதை விளங்கவில்லை. இரண்டு மாரிக்கு இரண்டு தரம் சரிந்து வந்து, வெட்டினதை மூடிவிட்டுப் போனது. இரண்டாம் சரிவில் ஒரு கல் உருண்டு பொன்னையாவின் முழங்காலைப் பிடித்தது. அதற்குப் பிறகு அவனால் மலையேறி ஆளை மேய்க்க முடியாது.

"நீ கேட்டுல இரு" என்றார் ஹாஷிம். "உட்கார்ந்த வேலை."

அப்படித்தான் பொன்னையாவும் அவன் பெண்சாதி பெரியாயியும் தோட்டத்து லய வீட்டை விட்டுக் கேட்டடிக் குடிசைக்கு வந்தார்கள். பெரியாயி வண்டிக்காரர்களுக்குக் கொத்தமல்லித் தண்ணியும் ரொட்டியும் விற்றாள். கேட்டு திறந்த மூன்றாம் மாதமே கேட்டைவிட அவள் அடுப்புக்கு வரும்படி அதிகம் என்று ஒரு பேச்சு இருந்தது.

திறப்பு நாளன்று கம்பத்துக்கு மாலை சுற்றி மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள். தோட்டத்துப் பெரிய துரை, ஆட்கள் வைத்த பேர் செம்பட்டைத் துரை, குதிரையில் முதல் ஆளாக வந்தார். ஹாஷிம் கோட்டும் துருக்கித் தொப்பியும் போட்டுக்கொண்டு நடு ரோட்டில் நின்றார். எத்தனை வருசத்துக் காத்திருப்பு! துரை தொப்பியைத் தொட்டு, "வெரி குட், ஹாஷிம்!" என்று சொல்லிவிட்டு, மாலைக்கடியில் புகுந்து போய்விட்டார். மாலை போட்ட கம்பத்தை இறக்கிக் காசு கேட்கவா முடியும்? நல்ல நாள் பார்த்துக் கேட்கலாம் என்று விட்டார்.

விட்டதுதான் வழக்கமாகிப் போனது. புதன்கிழமைதோறும் விடியற்காலையில் துரை பதுளைக்குக் குதிரையில் போவார். பனி விலகி வண்டிகள் புறப்படுவதற்கு முன்பே கேட்டைத் தாண்டிவிடுவார். வண்டிக்காரன் காசு கொடுத்தான், பொதிமாட்டுக்காரன் காசு கொடுத்தான், ஹாஷிமின் சொந்த அரிசி வண்டிகூடப் பங்காளிகளுக்குக் கணக்குக் காட்டக் காசு கொடுத்துத்தான் போனது. எந்த ஒரு குதிரைக்காக இந்த ரோட்டு வெட்டப்பட்டதோ, அந்த ஒரு குதிரை மட்டும் சும்மா போய்க்கொண்டிருந்தது.

கேட்டை ஹாஷிம் நடத்திய விதமும் ஒரு தினுசு. கடை நடத்தின மனுசன்; கேட்டையும் கடையாகவே நடத்தினார். வண்டிக்காரர்களுக்கு இது இரண்டாம் நாளே தெரிந்துபோனது.

"முதலாளி, வெறும் வண்டிதானே போகுது. பாதி போட்டுக்குங்க."

"பாதிக்குக் கட்டாதப்பா. முக்கால் தா."

"நேத்து ரெண்டு தடவ முழுசா குடுத்தேனே."

"சரி, சரி. போ. நாளைக்கு வேற கேட்டுப் பக்கம் போயிராத."

வேறு கேட்டும் இல்லை, வேறு ரோட்டும் இல்லை. ஆனால் வாடிக்கைக்காரனை அப்படிச் சொல்லி அனுப்பித்தான் அவருக்குப் பழக்கம். காலையில் கூட்டுக்குச் சாம்பிராணி போடச் சொல்வார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்துக்குக் கம்பம் கீழே, கடை அடைப்பு. எல்லாவற்றுக்கும் மேலே போணி. நாளின் முதல் காசு ரொக்கமாகக் கையில் விழாமல் கடையில் ஒன்றும் நடக்கக் கூடாது. விழுந்த காசை மற்றக் காசோடு கலக்கக் கூடாது. தனியாக வைக்க வேண்டும்.

இந்தப் போணியில்தான் ஒரு நாள் அவருக்கு வழி தெரிந்தது. புதன்கிழமை முதல் ஆள் துரைதானே!

"பொன்னையா, கேட்டுக்கோ. இனிமே போணி ஆகாம கம்பத்தத் தூக்கக் கூடாது. ஆரா இருந்தாலும் சரி."

"ஆரா இருந்தாலுமுங்களா?"

"ஆரா இருந்தாலும். கேட்டா, முதலாளி உத்தரவு எண்டு சொல்லு."

பொன்னையா தலையைச் சொறிந்தான். அடுத்த வியாழக்கிழமை ஹாஷிம் வழக்கம்போல் வாரக் காசு எடுக்க வந்தபோது புதன்கிழமைப் போணி தனியாக ஒரு வெற்றிலையில் மடித்திருந்தது. பிரித்துப் பார்த்தார். வெள்ளிப் பத்துச் சதம்.

"ஆயிருச்சா?"

"போணி ஆயிருச்சுங்க."

ஹாஷிம் காசைத் திரும்ப வெற்றிலையில் மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சில சந்தோசங்களைக் கிண்டிப் பார்க்கக் கூடாது என்று அவருக்கு எப்படியோ பட்டிருக்க வேண்டும்.

அந்தக் காசை அவர் செலவழிக்கவில்லை. கடையில் சின்னக் கண்ணாடிப் போத்தல் ஒன்று இருந்தது. அதைக் கழுவித் துடைத்து மேசை மேல் வைத்து, காசை உள்ளே போட்டார். ஒவ்வொரு வாரமும் ஒன்று. வருகிறவர் போகிறவர் கேட்காவிட்டாலும் சொன்னார்: "துரை காசு. என்ட கேட்டுல குதிரைய நிப்பாட்டித் தந்தது." கேட்டவர்கள் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்கள். ஒரு சிங்கள அப்புஹாமி தன் வழக்குக்குப் போகுமுன் அதைத் தொட்டுவிட்டுப் போய் ஜெயித்துவிட்டார். துரையின் கை ராசியான கை என்றும், அவர் போணி செய்த நாளில் வண்டி கூட வருகிறது என்றும் ஹாஷிம் நம்பினார். புதன்கிழமை பதுளைச் சந்தைக்குச் சாமான் போகிற நாள் என்பதை அவருக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

வைரவநாதன் செட்டியாருக்கு மட்டும் இது செரிக்கவில்லை. "ஏன் ஹாஷிம் நானா, எங்கிட்ட வட்டிக்கு வாங்குன துரை மூணு பேரு சீமைக்கே போயிட்டாக, இன்னும் காசு வரலை. ஒங்க துரை மட்டும் வாரா வாரம் இறங்கிக் குடுக்கிறாரோ?"

"இறங்கித்தான் தாறார் செட்டியார்."

"நீங்க பாத்தீகளா?"

"காசு இங்க இருக்கிறது தெரியல்லியா?"

செட்டியார் போத்தலைப் பார்த்தார், ஹாஷிமைப் பார்த்தார். "காசு காசாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போத்தல் கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. ரயிலும் பண்டாரவளைக்கு வந்துவிட்டது. தேயிலை ஏற்றிய வண்டிகள் அதிகமாகி, கேட்டில் கூட்டம் நின்றது. அந்த மழைக் காலத்தில் ஒரு வியாழக்கிழமை ஹாஷிம் போனபோது பொன்னையா காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். கம்பத்தடியில் பெரியாயி நின்றாள். காசைக் கொடுத்தாள். வெற்றிலை மடிப்பைக் காணோம்.

"புதன்கிழமைப் போணி எங்க?"

"போடலைங்க."

"துரை வரல்லியா?"

"வந்தாரு. போனாரு." பெரியாயி மழைக்குத் தலையில் போட்டிருந்த கொங்காணியை இழுத்து விட்டுக்கொண்டாள். "முதலாளி, நானும் கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். எத்தன காலத்துக்குத்தான் தொரைக்கு நாங்க கேட்டுக்காசு கட்டுறது?"

"என்ன சொல்றாய்?"

"பின்ன என்னங்க? குதிரச் சத்தம் கேட்டா இந்த மனுசன் கையி தானா கம்பத்தத் தூக்கிருது. நானும் சொல்லிப் பாத்தேன். பதினஞ்சு வருசம் காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக் களத்துல தொரைக்கு முன்னால நின்ன கையி, கேக்க மாட்டேங்குது. நீங்களோ போணி ஆகாமத் தூக்காதன்னுட்டீங்க. அதுக்குத்தான் மொத நாளு ரொட்டி வித்த காசுல பத்துச் சதத்த நானே எடுத்துப் போட்டேன். தொரை வாரதுக்கு முந்தியே போணி ஆயிருச்சு. உத்தரவும் மீறல. தொரையும் நிக்கல. இந்த வாரம் காய்ச்ச மருந்துக்கே காசு இல்ல. அதான் போடல."

ஹாஷிம் பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்தார். கல் ஈரமாக இருந்தது. அது தெரிய அவருக்குச் சற்று நேரமாயிற்று.

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"நீங்க கேட்டீங்களா? போணி ஆச்சான்னு கேட்டீங்க. ஆச்சுன்னு சொன்னாரு."

"ஒரு துரைக்கிட்ட, காசு தாங்க எண்டு கேக்க ஏலாதா அவனுக்கு? நாக்கு இல்லியா?"

"நீங்க மாசா மாசம் அரிசிக் கணக்குக்குப் பங்களாவுக்குப் போறீங்களே முதலாளி. நீங்க கேட்டிருக்கலாமே?"

உள்ளேயிருந்து பொன்னையா முனகினான்: "ஏய், வாய மூடு புள்ள."

"நான் மூடிட்டா உங்க போணிய ஆரு போடுறது?" என்றாள் அவள்.

போட்ட காசையெல்லாம் அவளுக்குத் திருப்பித் தர வேண்டியது நியாயம். தந்தார். ஆனால் போத்தலிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் கடைத்தெரு முழுக்கப் பார்க்குமே. சாரத்து மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். போத்தல் மேசையிலேயே இருந்தது. பெரியாயி ரொட்டி விற்ற காசு அது என்று உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

அடுத்த செவ்வாய்க்கிழமையே கேட்டுக்குப் போய்த் தங்கினார் ஹாஷிம். இனித் தானே கேட்பது என்று முடிவு. விடியலில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன சொல்ல வேண்டும் என்பதை வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார்: 'துரை, குதிரைக்குப் பத்துச் சதம். உத்தரவு இருக்குது.' பனிக்குள் குளம்புச் சத்தம் கேட்டது. செம்பட்டைத் தாடி தெரிந்தது. அவ்வளவுதான். ஹாஷிமின் கை கம்பத்தைத் தூக்கிவிட்டிருந்தது. வாய், "குட் மோர்னிங் சேர்" என்று சொல்லிவிட்டிருந்தது.

பெரியாயி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஊதுகிறவள் தோள் ஏன் அப்படிக் குலுங்க வேண்டும் என்று ஹாஷிம் கேட்கவும் இல்லை. மடியிலிருந்து பத்துச் சதம் எடுத்து, வெற்றிலையில் மடித்து வைத்தார். போணி ஆகாமல் இருக்கக் கூடாதல்லவா?

அடுத்த புதனும் அப்படித்தான். அதற்கடுத்ததும். தன் ரோட்டில், தன் கேட்டில், தன் மடிக்காசை எடுத்துத் துரைக்காகக் கட்டி, அதைத் தன் கடைப் போத்தலிலேயே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தார். செட்டியார் கேட்டபோது, "இப்ப நானே நிண்டு கையால வாங்குறன்" என்றார். வாங்கினதும் பொய்யில்லை; கொடுத்த கையும் அவருடையதாக இருந்ததுதான் சங்கடம்.

பிறகு செம்பட்டைத் துரை சீமைக்குப் போகப்போகிறார் என்று செய்தி வந்தது. போகிற நாளாவது கேட்டுவிடுவது என்று இருந்தார் ஹாஷிம். போகிற நாள் துரையின் சாமான் வண்டிகள் வரிசையாக வந்தன. வண்டிக்காரர்கள் பேரம் பேசிக் காசு கட்டினார்கள். துரை கடைசியில் குதிரையில் வந்தார். ஹாஷிமின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்ல ரோட்டு, ஹாஷிம். என்னுடைய காலத்திலேயே நல்ல வேலை இதுதான்." கண்ணில் நீர்கூட நின்றது துரைக்கு. கையைப் பிடித்துக் குலுக்குகிறவரிடம் அந்தக் கையை நீட்டிக் காசு எப்படிக் கேட்பது? போய்விட்டார்.

அன்றோடு விட்டிருக்கலாம். நூருல் இனாயா அதைத்தான் சொன்னாள்: "இஞ்சேருங்க, கடையப் பாருங்க. துரைமார் வருவாங்க, போவாங்க." ஆனால் புதன்கிழமை வந்ததும் ஹாஷிமின் கால் கேட்டுப் பக்கம் திரும்பியது.

அன்றைக்குத் தூறலும் குளிரும். கோட்டு நனைந்துபோனதால் கழற்றி அடுப்பருகே காயப் போட்டிருந்தார், தொப்பியும் அங்கேதான். பொன்னையாவின் கறுப்புக் கம்பளியை வாங்கித் தலையோடு போர்த்திக்கொண்டு கம்பத்தடியில் குந்தியிருந்தார். குளம்புச் சத்தம் கேட்டது. எழுந்தார். கை கம்பத்துக்குப் போனது. அதற்குள் குதிரை நின்றுவிட்டது.

புதுத் துரை. இளவயசு, மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. கப்பலில் வரும்போதே புத்தகம் வைத்துத் தமிழ் படித்தவர் என்று தோட்டத்தில் பேச்சு. கீழே கிடந்த கம்பத்தைப் பார்த்தார், கூட்டைப் பார்த்தார். அவர் ஊரிலும் இப்படிக் கேட்டுகள் இருந்திருக்கும் போலும். ஒரு யோசனையும் இல்லாமல் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"குதிரைக்கு எவ்வளவு காசு?" என்றார், புத்தகத்தில் இருக்கிற மாதிரியே.

ஹாஷிம் வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததில் முதல் பாதி தொலைந்துபோய், "பத்துச் சதம்" என்பது மட்டும் வெளியே வந்தது.

துரை குனிந்து ஹாஷிமின் உள்ளங்கையில் காசை வைத்தார். ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் பத்துச் சதம்.

"ஒன்று கேட்டுக்கு. ஒன்று நீ வைத்துக்கொள்" என்றார் சிரித்துக்கொண்டே. "குளிராக இருக்கிறது. சூடாக ஏதாவது குடி."

"துரை, நான்…" என்று தொடங்கினார் ஹாஷிம். கம்பத்தைத் தூக்குவதற்காகத் துரை பொறுமையாகக் காத்திருந்தார். ஹாஷிம் தூக்கினார். குதிரை நடைபோட்டுப் பனிக்குள் போனது. ஒரு துளி சேறுகூடத் தெறிக்கவில்லை.

பெரியாயி ஓடி வந்தாள். "முதலாளி! நின்னாரே! குடுத்தாரா?"

"தந்தார்."

"பின்ன என்னங்க, மூஞ்சி இப்பிடிப் போயிருச்சு?"

"ரெண்டு தந்தார்."

அவள் அவர் கையைப் பார்த்தாள், கம்பளியைப் பார்த்தாள், அடுப்பருகே ஆவி விட்டுக்கொண்டிருந்த கோட்டைப் பார்த்தாள். விளங்கிவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. உள்ளேயிருந்து பொன்னையா, "என்னாடி, என்னாடி?" என்று கத்தினான்.

"ஒண்ணுமில்ல. முதலாளிக்குத் தொரை பெரட்டுல பேரு போட்டுட்டாரு!"

ஹாஷிம் இரண்டு காசையும் புரட்டிப் பார்த்தார். இரண்டிலும் அதே ராணித் தலை, அதே பளபளப்பு. ஒன்று அவர் ஆயுசு முழுக்கக் காத்திருந்த போணி. மற்றது கேட்டுக்கார ஆளுக்குப் போட்ட இனாம். எது எது? துரை எதை முதலில் வைத்தார்? வலதுகைக் காசை இடதுகைக்கு மாற்றினார், பிறகு திருப்பி மாற்றினார். இப்போது கொஞ்சநஞ்சம் இருந்த அடையாளமும் போய்விட்டது. இனாமைத் தூக்கி ஓடைக்குள் எறிந்துவிடலாம், போணியை எறிந்துவிட்டால்?

பனி விலகத் தொடங்கியது. மேலே வளைவில் சலங்கைச் சத்தம் கேட்டு, தேயிலைப் பெட்டி ஏற்றிய முதல் வண்டி வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"யாருப்பா அது, கம்பளி? கேட்டத் தூக்கு!" என்று கத்தினான் வண்டிக்காரன். பிறகு ஆளைத் தெரிந்துகொண்டு, "அட, முதலாளி! மன்னிச்சுக்குங்க. கொஞ்சம் தூக்கி விடுங்க, ரயிலுக்கு நேரமாச்சு" என்றான்.

ஹாஷிமின் இரண்டு கையும் இறுக மூடியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பத்துச் சதம். கம்பத்தைத் தூக்க வேண்டுமானால் ஏதாவது ஒரு கையைத் திறக்க வேண்டும். திறந்து, அந்தக் காசை எங்கேயாவது வைக்க வேண்டும். அவர் அப்படியே நின்றார். பெரியாயிதான் வந்து, கம்பத்தைத் தூக்கி, வண்டிக்காரனிடம் கையை நீட்டினாள்.

"முழுக் காசையும் எடு. இன்னைக்குப் பேரம் கிடையாது. முதலாளிக்கு மேலுக்குச் சொகமில்ல."